டைகர் என்ன கலர்னு கேட்டா, எந்த மாசத்து டைகர்னு திருப்பிக் கேட்பேன்

கேள்வி இதுதான்: 1/35 ஸ்கேல்ல, அதாவது நிஜ வண்டில 35ல ஒரு பங்கு சைஸ்ல, ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் டைகர் டேங்க் பிளாஸ்டிக் மாடல் ஒண்ணு கட்டணும், இதுதான் முதல் கிட், ஒரு வீடியோல சாம்பல் கலர் அடிக்கிறாங்க, இன்னொண்ணுல மஞ்சள், இன்னொண்ணுல மஞ்சள் மேல பச்சையும் பிரவுனும், இதுல எது கரெக்ட், எந்த கிட் வாங்கறது, அப்புறம் என்னதான் பாத்துப் பாத்து பண்ணாலும் கடைசில ஏன் பொம்மை மாதிரியே நிக்குது. கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

கலர்ல இருந்தே ஆரம்பிக்கலாம். சாம்பலும் கரெக்ட், மஞ்சளும் கரெக்ட், மூணு கலரும் கரெக்ட், ஆனா ஒரே வண்டிக்கு இல்ல. ஜெர்மன் ராணுவம் பெயிண்ட் விஷயத்துல தேதி போட்டு ஆர்டர் மாத்திக்கிட்டே இருந்தது. அதனால பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி, ஏன், பெட்டியை வாங்கறதுக்கே முன்னாடி, இந்த வண்டி எந்த வருஷம் எந்த மாசம் எந்த ஊர்ல நிக்குதுன்னு முடிவு பண்ணிடுங்க. அந்த ஒண்ணு முடிவாயிட்டா கலர், சக்கரம், டிராக், உடம்பு மேல பூசின கோட்டிங், மார்க்கிங் எல்லாம் தானா முடிவாயிடும். அதைப் பண்ணாம சும்மா ஒரு டைகர்னு ஆரம்பிச்சா 1942 சக்கரம், 1944 கோட்டிங், ஆப்பிரிக்கா கலர் எல்லாம் சேர்ந்து உலகத்துல எங்கயுமே ஓடாத ஒரு வண்டிதான் கையில கிடைக்கும், நெட்ல போடற படத்துல பாதி அப்படித்தான் இருக்கு.

1939ல போர் ஆரம்பிச்சப்போ வண்டிங்க ரெண்டு கலர்ல இருந்துச்சு. மூணுல ரெண்டு பங்கு டார்க் கிரே, அதாவது ரால் 7021 (ரால்ங்கறது ஜெர்மன் கலர் நம்பர் வரிசை), மீதி ஒரு பங்கு டார்க் பிரவுன். ரெண்டுமே நல்ல அடர்த்தியான கலர், கறுப்பு வெள்ளை போட்டோல எது எதுன்னு பிரிச்சே பாக்க முடியாது, அதனாலயே ரொம்ப காலம் மாடல் கட்டறவங்க போலந்து, பிரான்ஸ் டேங்கை எல்லாம் வெறும் கிரேல அடிச்சு வச்சாங்க. 1940 ஜூலைலதான் கிரே மட்டும் போதும்னு ஆர்டர் வந்துச்சு. போலந்துல இன்னொரு கூத்து, வண்டி மேல பெருசா வெள்ளை சிலுவை அடிச்சிருந்தாங்க, போலந்து பீரங்கிக்காரங்களுக்கு அதுவே குறி வைக்க வசதியாப் போச்சு, அதனால க்ரூவே சேத்தை எடுத்து அது மேல அப்பிக்கிட்டாங்க, நடுவுல மஞ்சள் பெயிண்ட் அடிச்சும் மறைச்சாங்க. 1939 பான்சர், அதாவது ஜெர்மன் டேங்க், கட்டறவங்க அந்த சேறு அப்பின சிலுவையை மட்டும் பண்ணிப் பாருங்க, அவ்ளோ உயிர் வரும்.

ஆப்பிரிக்காவுக்கு 1941ல தனி கலர் வந்துச்சு, ரால் 8000 மஞ்சள் கலந்த பிரவுன், கூட ரால் 7008 பச்சை கலந்த சாம்பல். 1942ல அதுவும் மாறி ரால் 8020, 7027 ஆச்சு. அப்புறம் 1943 பிப்ரவரிலதான் பெரிய மாற்றம், இனிமே எல்லா வண்டிக்கும் அடிப்படை கலர் டுங்கெல்கெல்ப், அதாவது டார்க் மஞ்சள், ரால் 7028. தொழிற்சாலைல இருந்து வண்டி மஞ்சளாதான் வரும், பச்சையும் செம்பிரவுனும் கெட்டியான பேஸ்ட்டா டப்பால வரும், அந்தந்த யூனிட்டே பெட்ரோல்லயோ தண்ணிலயோ கரைச்சு ஸ்ப்ரே கன் இருந்தா அதுல, இல்லன்னா பிரஷ்ல, அதுவும் இல்லன்னா கையில கிடைச்சதுல அடிச்சுக்கணும். ஒருத்தன் கெட்டியா கலக்கியிருப்பான், ஒருத்தன் தண்ணியா கலக்கியிருப்பான், ஒருத்தன் கோடு கோடா அடிச்சிருப்பான், பக்கத்து கம்பெனில மேகம் மாதிரி அடிச்சிருப்பான்.

அதனால "கரெக்ட்டான டுங்கெல்கெல்ப் எந்த பாட்டில்"னு நடக்கற சண்டைல தயவுசெஞ்சு கலந்துக்காதீங்க. இன்னைக்கு கடைல கிடைக்கிற ரால் கலர் கார்டுல 7028ங்கற நம்பரே இல்ல. அந்தக் காலத்துலயே ஷேடுக்கு ஷேடு வித்தியாசம் இருந்துச்சு, மிஞ்சியிருக்கிற கலர் போட்டோவும் வெளுத்துப் போச்சு. டாமியாங்கற ஜப்பான் மாடல் கம்பெனியோட எக்ஸ்எஃப் 60 டார்க் மஞ்சள் பெயிண்ட் வாங்குங்க, அதுல கொஞ்சம் எக்ஸ்எஃப் 57 பஃப் கலந்து வெளிறல் ஆக்குங்க, முடிஞ்சது. வெளிறல் ஆக்கறதுக்கு காரணம் இருக்கு, ஆறு மீட்டர் வண்டில அடிக்கிற அதே கலரை 18 சென்டிமீட்டர் மாடல்ல அடிச்சா கண்ணுக்கு இன்னும் டார்க்காத்தான் தெரியும். கிரேக்கும் இதே கதைதான், எக்ஸ்எஃப் 63 ஜெர்மன் கிரேயை பாட்டில்ல இருந்து அப்படியே அடிச்சா கிட்டத்தட்ட கறுப்பு மாதிரி உக்காந்துடும், டீட்டெயில் ஒண்ணும் தெரியாது, அதுக்கும் கொஞ்சம் வெள்ளையோ நீலம் கலந்த சாம்பலோ சேத்துக்கணும்.

இப்ப டைகருக்கு வருவோம். டைகர் 1 முதல் முதல்ல சண்டைக்குப் போனது 1942 ஆகஸ்ட் 29, லெனின்கிராட் பக்கத்துல ம்கா ரயில்வே ஸ்டேஷன் கிட்ட, 502ம் ஹெவி டேங்க் பட்டாலியன். அந்த வண்டிங்க கிரே. அதாவது கிரே டைகர் வேணும்னா 1942 ஆகஸ்ட்ல இருந்து 1943 ஆரம்பம் வரைக்கும், லெனின்கிராட் மாதிரி கிழக்குப் போர்முனை, அவ்ளோதான் உங்களுக்கு இருக்கிற இடம், பனிக்காலம்னா மேல சுண்ணாம்பு வெள்ளை. டுனீசியா டைகர் வேணும்னா ஆப்பிரிக்கா கலர், பின்னாடி ஃபைஃபல் ஏர் ஃபில்டர், 1943 மே மாசத்தோட அங்க கதை முடிஞ்சது. இங்கிலாந்துல போவிங்டன் டேங்க் மியூசியத்துல இன்னைக்கும் ஓடற டைகர் 131 அங்க பிடிபட்டதுதான், அதோட வாக்அரவுண்ட் போட்டோ, அதாவது சுத்தி வந்து எல்லா பக்கமும் எடுத்தது, நெட்ல கொட்டிக் கிடக்கு, டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க. 1943 ஜூலை, ரஷ்யாவுல குர்ஸ்க் சண்டைன்னா மஞ்சள் அடிப்படை. 1944 பிரான்ஸ்ல நார்மண்டினா மூணு கலர், உடம்பு பூரா சிம்மரிட்ங்கற கோட்டிங், அதைப் பத்தி கீழ சொல்றேன்.

சக்கரமும் தேதியைப் பொறுத்துதான். ஆரம்ப டைகர்ல ஒரு பக்கத்துக்கு எட்டு ஆக்ஸில், ஒவ்வொண்ணுலயும் மூணு ரப்பர் போட்ட சக்கரம், மொத்தம் 24, அதுவும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிப் பின்னி. 1944 பிப்ரவரில இருந்து ஸ்டீல் சக்கரம், ஆக்ஸிலுக்கு ரெண்டு, பக்கத்துக்கு 16. நிஜத்துல உள்வரிசை சக்கரம் ஒண்ணை மாத்தணும்னா வெளில இருக்கிற பல சக்கரத்தைக் கழட்டணும், மெக்கானிக்குக்கு தலைவலி, மாடல் கட்டறவங்களுக்கும் அதே தலைவலிதான், எல்லாத்தையும் ஒட்டிட்டு அப்புறம் பெயிண்ட் அடிக்கலாம்னு நினைச்சா உள்ள பிரஷே போகாது. சக்கரத்தை எல்லாம் தனித்தனியா பல்குத்தற குச்சில குத்தி நிறுத்தி, முதல்ல முழுசையும் மஞ்சள் அடிச்சுட்டு, ஓரத்து ரப்பரை மட்டும் எக்ஸ்எஃப் 85 ரப்பர் பிளாக்ல, பிரஷை ஆட்டாம சக்கரத்தைச் சுத்தி அடிங்க. சுத்தக் கறுப்பு வேண்டவே வேண்டாம், ரப்பர் எப்பவும் தூசி படிஞ்ச சாம்பல்தான். உள்வரிசையை அவ்ளோ சுத்தமா அடிக்கணும்னு அவசியம் இல்ல, சேறு பூசினா யாருக்கும் தெரியாது.

டிராக் பத்தி ஒரு வார்த்தை. டைகர் சண்டை டிராக் 725 மில்லிமீட்டர் அகலம், ரயில்ல ஏத்தறப்போ அது வேகனை விட வெளில நீட்டிக்கிட்டு நிக்கும்னு 520 மில்லிமீட்டர் டிராக் மாட்டி, வெளிவரிசை சக்கரத்தையும் கழட்டிடுவாங்க. பொம்மை மாதிரி தெரியறதுக்கு நம்பர் ஒன் காரணம் இந்த டிராக்தான். டைகர், இன்னொரு ஜெர்மன் டேங்கான பாந்தர், ரெண்டுலயும் டிராக்கோட மேல்பக்கத்தைத் தாங்கற ரிட்டர்ன் ரோலர் கிடையாது, அத்தனை டன் இரும்புச் சங்கிலி நேரா சக்கரத்து மேலயே படுத்துக் கிடக்கும், முன்னாடி டிராக்கை ஓட்டற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்கும் முதல் சக்கரத்துக்கும் நடுவுல தொங்கும். கிட்ல வர்ற வினைல் டிராக்கை அப்படியே இழுத்து மாட்டினா துணி காயப்போடற கொடி மாதிரி விறைப்பா காத்துல நிக்கும். வினைல்தான் இருக்குன்னா மேல்பக்கம் சக்கரத்தோட சேர்த்து சூப்பர் க்ளூ வச்சு ஒட்டி, காயறவரைக்கும் நடுவுல ஃபோம் துண்டைத் திணிச்சு அமுக்கி வைங்க. லிங்க் அண்ட் லெங்த் டிராக்னா, அதாவது நீளத் துண்டும் தனி லிங்க்கும் கலந்து வர்றதுன்னா, தொங்கல் அச்சுலயே வந்துடும், முதல் கிட்டுக்கு அதுதான் நிம்மதி. தனித்தனி லிங்க் டிராக், மெட்டல் டிராக் எல்லாம் ரெண்டாவது மூணாவது வண்டிக்குப் பாத்துக்கலாம். பான்சர் 4 கட்டறீங்கன்னா மேல நாலு ரோலர், பான்சர் 3ல மூணு, ரோலருக்கு ரோலர் நடுவுல லேசா தொங்கணும்.

சிம்மரிட்னு சொன்னேன்ல, அது காந்தக் கண்ணிவெடி வண்டில ஒட்டாம இருக்கறதுக்காக பூசின பேஸ்ட். பேரியம் சல்பேட், பிவிஏ பசை, காவி கலர் பவுடர், துத்தநாக சல்பைடு, மரத்தூள் எல்லாம் கலந்தது. 1943 செப்டம்பர்ல இருந்து தொழிற்சாலைல பூசினாங்க, 1944 செப்டம்பர்ல நிறுத்திட்டாங்க, குண்டு பட்டா இது தீப்பிடிக்குதுன்னு ஒரு வதந்தி கிளம்பினதுதான் காரணம். காமெடி என்னன்னா அந்த மாதிரி காந்தக் குண்டை பெருசா உபயோகிச்சதே ஜெர்மன்காரங்கதான், நம்மகிட்ட இருக்கறது எதிரிகிட்டயும் வந்துடும்னு பயந்து பூசினது. டைகர்ல சீப்பு வச்சு இழுத்த மாதிரி படுக்கை வரி வரியா இருக்கும், ஆல்கெட் தொழிற்சாலைல செஞ்ச ஸ்டுக் 3ல, அது சுழலற மேல்கூண்டு இல்லாத ஜெர்மன் பீரங்கி வண்டி, சின்னச் சின்ன கட்டம் கட்டமா வாஃபிள் மாதிரி.

இதை மாடல்ல கொண்டுவர ரெசின் ஷீட், ஸ்டிக்கர், போட்டோஎட்ச்ங்கற மெல்லிசு உலோகத் தகடு எல்லாம் விக்கறாங்க, ஆனா கையால பண்றதுதான் எனக்குப் பிடிக்கும். ரெண்டு பாகம் கலக்கற எபாக்சி புட்டி எடுத்துக்கோங்க, மாடலுக்குன்னு வர்றது, குழாய் ஓட்டை அடைக்கிற புட்டி வேண்டாம், அது கரகரன்னு இருக்கும், வேலை முடியறதுக்குள்ள இறுகிடும். விரலைத் தண்ணில நனைச்சுக்கிட்டு ஒரு பேனலுக்கு மட்டும் காகிதம் கனத்துக்குத் தேய்ங்க, நிஜ சிம்மரிட் சில மில்லிமீட்டர்தான், 1/35ல அது 0.2 மில்லிமீட்டர் கூட வராது, அதுக்கு மேல போனா வண்டிக்கு ஸ்வெட்டர் போட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் சின்ன வாட்ச் ஸ்க்ரூடிரைவர், ஒரு மில்லிமீட்டர் தட்டை முனை, அதைத் தண்ணில தொட்டுத் தொட்டு மேல இருந்து கீழ நெருக்கமா அமுக்கிக்கிட்டே வாங்க, ஒரு வரிசை முடிஞ்சதும் பக்கத்து வரிசை. கோடு ரொம்ப நேரா வர வேண்டாம், நிஜத்துல பூசினவனும் கையாலதான் பூசினான். அரைகுறையா காஞ்சிருக்கும்போதே ஃபெண்டர் ஓரம், கொக்கி சுத்தி, முன்பக்க மூலைல கொஞ்சம் கொஞ்சம் பேர்த்து எடுத்துடுங்க, சண்டைல உதிர்ந்த மாதிரி இருக்கும், உதிர்ந்த இடத்துல உள்ள ரெட் ஆக்சைடு ப்ரைமர் தெரியலாம்.

எந்த கிட்? முதல் வண்டின்னா டாமியா, யோசிக்கவே வேண்டாம். புது கம்பெனிங்க, ரை ஃபீல்ட், டாக்கோம், மெங், பார்டர், எல்லாம் டீட்டெயில்ல டாமியாவைத் தூக்கி சாப்பிடும், உள்ள இன்ஜின், கியர்பாக்ஸ், குண்டு அடுக்கற ராக் வரைக்கும் வரும், ஆனா பாகம் ஆயிரத்தைத் தாண்டும்போது புதுசா கட்டறவங்க பாதிலயே மூட்டை கட்டி பரண் மேல போட்டுடுவாங்க. டாமியா பழைய அச்சா இருந்தாலும் பாகம் கம்மி, எது எங்க போகுதோ அங்க டக்குனு உக்காரும். அவங்க டைகர்லயே ஏர்லி, மிட், லேட்னு தனித்தனி பெட்டி இருக்கு, தேதி முடிவு பண்ணச் சொன்னது இதுக்கும்தான். இந்த 1/35 ஸ்கேலே டாமியாவோட பாந்தர்ல இருந்து வந்ததுதான் தெரியுமா, 1961ல மோட்டார் வச்சு ஓடற பாந்தர் பண்ணும்போது உள்ள பேட்டரியும் மோட்டாரும் அடங்கற சைஸ்ல பண்ணாங்க, அப்புறமா அளந்து பாத்தா 35ல ஒரு பங்கு, அதையே எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. சயின்டிஃபிக் காரணம் ஒண்ணும் இல்ல.

டைகர்தான் வேணும்னு மனசுல இருக்கு, சரி கட்டுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், டைகர் 1 மொத்தமே 1,350க்கு கொஞ்சம் கம்மியாதான் செஞ்சாங்க. ஸ்டுக் 3 எல்லா வகையும் சேர்த்து 10,000க்கு மேல, அமெரிக்கா ஷெர்மன் 49,000க்கு மேல. கடை ஷெல்ஃபை பாத்து போரை எடை போட்டா ஜெர்மன் ராணுவம் முழுக்க டைகர்லதான் போச்சுன்னு நினைச்சுக்குவோம், ஆனா அந்த ராணுவத்துல பெரும்பகுதி நடந்தும் குதிரை வண்டிலயும்தான் போச்சு, போர் முழுக்க 27 லட்சம் குதிரை அளவுக்கு உபயோகிச்சாங்க. குதிரை பூட்டின சமையல் வண்டி, ஓப்பல் பிளிட்ஸ் லாரி, கூபெல்வாகன் ஜீப், இதெல்லாம் கட்ட ஈஸி, விலையும் கம்மி, பாக்கறதுக்கும் வித்தியாசமா இருக்கும். டிராக் இல்லாத வண்டி ஒண்ணைக் கட்டிப் பழகிட்டு டைகருக்கு வந்தா கை நல்லா தேறியிருக்கும்.

இதோட சேர்த்து ஒரு விஷயம், பேசாம விட எனக்கு மனசு வரல. இந்த வண்டிங்க எல்லாம் நாஜி அரசாங்கத்தோட வண்டி. கூபெல்வாகன் செஞ்ச ஃபோக்ஸ்வாகன் ஃபேக்டரில, இன்னைக்கு வுல்ஃப்ஸ்பர்க்னு சொல்ற ஊர்ல, கட்டாயமா இழுத்துட்டு வந்த வேலையாட்களும் வதைமுகாம் கைதிகளும் வேலை செஞ்சாங்க, டைகர் செஞ்ச காசல் ஹென்ஷல்லயும் கட்டாய வேலையாட்கள் இருந்தாங்க. மாடல் கட்டறது தப்புன்னு நான் சொல்லல, நானே அலமாரி நிறைய வச்சிருக்கேன், ஆனா எஸ்எஸ், அதாவது நாஜிக் கட்சியோட ஆயுதப்படை, அதோட டேங்க் கமாண்டர் பேரைப் பெருசா போட்டு ஹீரோ மாதிரி பெட்டி விக்கறதும், அதை வாங்கி அதே வீர வசனத்தோட போட்டோ போடறதும் எனக்கு ஒத்துக்காது. வண்டியோட டரட், அதாவது சுழலற மேல்கூண்டு, அது மேல இருக்கிற நம்பர் எந்த யூனிட்டோடது, அந்த யூனிட் அந்த மாசம் அந்த ஊர்ல என்ன பண்ணுச்சுன்னு டெக்கால், அதாவது தண்ணில நனைச்சு ஒட்டற மார்க்கிங், ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுடுங்க. ஜெர்மனில ஸ்வஸ்திகாவைப் பொதுவுல காட்டறதுக்கு சட்டப்படி தடை இருக்கு, குற்றவியல் சட்டம் 86ஏ, அதனாலதான் சில கிட்ல அந்தச் சின்னம் மட்டும் ரெண்டு துண்டா வரும், இல்ல வரவே வராது. டேங்குல வர்றது பால்கன்க்ரோய்ஸ்ங்கற ஜெர்மன் ராணுவச் சிலுவைதான், அதுக்குத் தடை இல்ல, ஸ்வஸ்திகா டேங்க்ல இருந்தா அது பெரும்பாலும் விமானத்துக்குத் தெரியறதுக்காக பின்னாடி விரிச்ச கொடி, அதை விட்டுட்டா வண்டிக்கு ஒரு குறையும் இல்ல.

கருவி பெருசா வேண்டாம். நல்ல நிப்பர் ஒண்ணு, கத்தி, 400ல இருந்து 1000 வரைக்கும் சாண்ட்பேப்பர், ட்வீசர், எக்ஸ்ட்ரா தின் சிமென்ட். அந்த சிமென்ட் பசை இல்ல, பிளாஸ்டிக்கைக் கரைச்சு ஒண்ணோட ஒண்ணு சேர்த்துடும், ரெண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு இடுக்குல பிரஷ் முனையைத் தொட்டாப் போதும் தானா உள்ள ஓடிடும், விரல் அந்த இடுக்குல இருந்தா விரல் ரேகையும் மாடல்ல பதிஞ்சுடும். பீரங்கிக் குழாய் ரெண்டு பாதியா வந்தா ஒட்டு கோடு தெரியாம தேய்ச்சே ஆகணும், டாமியா டைகரோ எதுவோ, ஒரு கோடு தெரிஞ்சாலும் கண்ணு நேரா அங்கதான் போகும்.

ஏர்பிரஷ் இல்லாம முடியுமான்னா கிரே வண்டியும் வெறும் மஞ்சள் வண்டியும் முடியும், ஸ்ப்ரே கேன் போதும். ஓரம் மங்கலா இருக்கிற மூணு கலர் கேமோவுக்கு 0.3 மில்லிமீட்டர் நாசில் டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ் வேணும், காத்து சேத்து வைக்கிற டேங்க் வச்ச கம்ப்ரஸர், அழுத்தம் 15 பிஎஸ்ஐ பக்கம், பெயிண்ட் பால் பதத்துக்கு. நம்ம ஊர் வெயில்ல அக்ரிலிக் நாசில் முனையிலயே காஞ்சு அடைச்சுக்கும், காயறதைத் தாமதமாக்கற ரிடார்டர் ரெண்டு சொட்டு விடுங்க. ஐப்பசி கார்த்திகை மழைல லாக்கர் அடிக்காதீங்க, ஈரத்துல மேல வெள்ளையா பூத்துடும்.

வெதரிங்லதான், அதாவது அழுக்கு, துரு, தேய்மானம் காட்டறதுலதான், எல்லாரும் ஓவரா போறாங்க. முதல்ல பளபளப்பான கிளாஸ் வார்னிஷ் கோட், டெக்கால், மறுபடி ஒரு கோட், நல்லா காயட்டும். அப்புறம் டார்க் பிரவுன் ஆயில் பெயிண்ட்டை ஒயிட் ஸ்பிரிட்ல டீத்தண்ணி மாதிரி கரைச்சு போல்ட், கீல், வெல்ட் கோடு சுத்தி மட்டும் முனை பிரஷால தொட்டு விடுங்க, முழு வண்டியையும் குளிப்பாட்ட வேண்டாம். கிழிஞ்ச ஸ்பாஞ்சுல டார்க் பிரவுனைத் தொட்டு, பேப்பர்ல முக்கால்வாசி துடைச்சுட்டு, ஆளுங்க ஏறி இறங்கற இடத்துல, ஹேட்ச் ஓரத்துல, ஃபெண்டர் முனைல மட்டும் ஒத்துங்க. பல டைகர் மாசக்கணக்குலயே அழிஞ்சு போச்சு, ஆரஞ்சு துரு வழிய வழிய நிக்கறதுக்கு அதுக்கு நேரமே கிடைக்கல. நல்ல துரு வரவேண்டிய இடம் எக்ஸாஸ்ட், அங்க தாராளமா போடுங்க. டிராக் மாங்கனீஸ் ஸ்டீல், அது டார்க் பிரவுன், தரையில உரசற மேடு மட்டும் பென்சில் கிராஃபைட் தேய்ச்சு பளபளன்னு ஆக்குங்க.

முதல் டைகருக்கு என்ன மாசம்னு என்னைக் கேட்டா 1943 ஜூலை, குர்ஸ்க் தெற்குப் பக்கம், 503ம் ஹெவி டேங்க் பட்டாலியன். சிம்மரிட் இன்னும் வரல, அந்த வேலை மிச்சம். சக்கரம் ரப்பர் வச்சது, டரட்ல மூணு இலக்க நம்பர், பெட்டில ஏர்லினு போட்டிருக்கிறதை வாங்கினாப் போதும். மஞ்சள் மேல பச்சையும் பிரவுனும் மெல்லிசா அடிச்சுக்கலாம், கை வரலன்னா பச்சை மட்டும். ஜூலை மாசம், அதனால கீழ்ப்பாகத்துக்கு சேறை விட தூசிதான் பொருத்தம், வெளிறின மண் கலர் பிக்மென்ட் பவுடரை மெத்து பிரஷால சக்கரம், ஃபெண்டர், பின்பக்கம் எல்லாம் தட்டி விட்டு, ஓரத்துல பிக்மென்ட் ஃபிக்சர் ஒரு சொட்டு, தானா பரவும். மேட் வார்னிஷை பிக்மென்ட்டுக்கு முன்னாடியே அடிச்சு முடிச்சுடுங்க, பின்னாடி அடிச்சா போட்ட தூசி பாதி காணாமப் போயிடும்.